எழுத்தை விரல் தொடக்கூடாது

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும், கூடவே சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்த ஸ்டிக்கர் துண்டுகளும் வந்து சேர்ந்தன. க பாதி அழிந்திருக்கிறது. ம-வில் ஒரு கோடுதான் மிச்சம். ண இருந்த இடத்தில் வெறும் கறுப்புத் திட்டு. அப்பாவுக்காகக் கையடக்கமான கம்பியில்லா விசைப்பலகை ஒன்று வாங்கி, இணையத்தில் தருவித்த தமிழ் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்து, இரண்டே மாதத்தில் இந்தக் கதி என்கிறீர்கள். சங்கத்துக் கடிதங்களையெல்லாம் முப்பது வருஷம் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தவர் இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் நாலு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. இதே குறை வேறு வாசகர்களுக்கும் இருப்பதால் இங்கே பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பெயரை எடுத்துவிட்டேன்.

ஸ்டிக்கர் ஏன் அழிந்தது என்பதைத் துண்டுகளே சொல்கின்றன. வினைல் தாளின் மேல் மை படிந்திருக்கிறது. அந்த மைக்கு மேலே எதுவும் இல்லை. விரல் நேரே மையின் மேல்தான் விழுகிறது. விரல் நுனியில் வியர்வை, அதில் உப்பு, சமையலறையிலிருந்து வந்தால் எண்ணெய், இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத தூசு. ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் பினாங்கில் கை காய்ந்திருக்கும் நேரமே குறைவு. நாளெல்லாம் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் எந்த மை நிற்கும்? விலை உயர்ந்த ஸ்டிக்கர் வாங்கியிருக்கலாமோ என்று கேட்டிருந்தீர்கள். மை மேலே இருக்கிறவரை விலை உயர்ந்ததும் இதே வழிதான் போகும், கொஞ்சம் தாமதமாக.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: எழுத்தை விரல் தொடக்கூடாது. விரலுக்கும் மைக்கும் நடுவே தேய்ந்தாலும் நிறம் மாறாத, ஒளி ஊடுருவும் ஒரு படலம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதன் விவரங்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், லோரோங் கூலிட்டில் நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிக் காலையில் கூடும் பழம்பொருள் சந்தைக்கு. அங்கே எப்போதாவது 1920, 30களின் ஆங்கிலத் தட்டச்சு இயந்திரம் கண்ணில் பட்டால் விசைகளை உற்றுப் பாருங்கள். எழுத்து அச்சிட்ட வட்டத் தாள், அதன் மேல் வட்டக் கண்ணாடி, இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம். இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து, ரப்பர் உருளை கல்லாய் இறுகிப்போன இயந்திரத்தில்கூட அந்த எழுத்துகள் மட்டும் புதிதாக இருக்கும். யாரோ ஒருவரின் விரல்கள் வாழ்நாள் முழுக்கத் தட்டியது கண்ணாடியைத்தான், எழுத்தை அல்ல.

இன்றைய தொழிற்சாலைகளும் இதே சிக்கலை ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கின்றன. மலிவான விசைப்பலகையில் சிலிக்கோன் திண்டால் மையைத் தொட்டு விசை மேல் ஒற்றுகிறார்கள். முதலில் அழிவது இதுதான். சிலவற்றில் லேசர் கதிரால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே நிறம் மாற்றுகிறார்கள். பிபிடி என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருந்தால் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் சாயத்தை ஆவியாக்கி உள்ளே இறக்கிவிடலாம். எல்லாவற்றிலும் நீடிப்பது இரட்டை வார்ப்பு. எழுத்தை ஒரு நிறப் பிளாஸ்டிக்கிலும் சுற்றுப்பகுதியை இன்னொரு நிறத்திலும் வார்த்து ஒன்றாக்குவது. விசை எவ்வளவு தேய்ந்தாலும் எழுத்து அடிவரை போவதால் அழிய வழியில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அச்சு செய்யவேண்டும். ஓர் அப்பாவுக்காக அதை யாரும் செய்து தரமாட்டார்கள். கண்ணாடியும் வளையமும் காட்டிய வழியே நமக்குச் சரி.

அந்த வழிக்கு வருமுன் ஒன்று கேட்கவேண்டும். அப்பாவின் விரல் க-வை எங்கே தேடுகிறது?

ஆங்கில எஃப் இருக்கும் இடத்தில் என்றால் அவர் கையில் இருப்பது பழைய தட்டச்சு இயந்திர வரிசை. எச் இருக்கும் இடத்தில் என்றால் தமிழ்99. கே இருக்கும் இடத்தில் என்றால் இந்திய அரசு இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட். நீங்கள் அனுப்பிய படத்தில் க, கே-யின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக, அந்த ஸ்டிக்கர் ஒரு புள்ளி அழியாமல் பத்து வருஷம் இருந்திருந்தாலும் உங்கள் அப்பாவுக்குப் பயன்பட்டிருக்காது. 'தமிழ்' என்று மட்டும் போட்டு விற்கிறார்கள். எந்தத் தமிழ் வரிசை என்று சொல்வதில்லை. வாங்குமுன் க எங்கே இருக்கிறது என்று பார்ப்பது ஒன்றே போதும்.

அப்பாவின் விரல்களில் இருக்கும் அந்த வரிசைக்கு நம் பக்கத்து மண்ணோடும் உறவு உண்டு. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, இளம் வயதில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் நெடுங்காலம் வேலை பார்த்த ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுக்கு உருக்கொடுத்தவர். அவர் வகுத்த இயந்திரங்கள் ஜெர்மனியில் உருவாயின. 247 எழுத்தை ஆங்கிலத்துக்கென்று அமைந்த இயந்திரத்துக்குள் அடக்குவது சின்ன வேலையா? புள்ளியையும் விசிறியையும் அடிக்கும்போது வண்டி நகராமல் நிற்கும்படி விசை அமைத்தார். அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். தனியே பிரிக்க முடியாத கு, மு, டு போன்றவற்றுக்கு முழு எழுத்தாகவே இடம் கொடுத்தார். எஃப் விசையில் கீழே க, ஷிஃப்ட் பிடித்தால் கு. தட்டச்சு கற்றவருக்கு இதெல்லாம் மூளையில் இல்லை, விரல்களில் இருக்கிறது.

இதனால்தான் 'அப்பாவை அஞ்சல் முறைக்கு மாற்றிவிடுங்கள், கே-யும் ஏ-யும் அடித்தால் க வந்துவிடும்' என்று உங்கள் தம்பி சொன்ன யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. தம்பிக்கு அது எளிது. ஆங்கில எழுத்து வழியாகத் தமிழை யோசித்துப் பழகிய தலைமுறை அவர். முப்பது வருஷம் தமிழை நேரே அடித்தவரிடம் போய் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆங்கிலத்தைச் சுற்றி வா என்பது நியாயமில்லை. கணினியில் தமிழ் எழுத உதவும் மென்பொருள்கள் பலவற்றில் பழைய தட்டச்சு, புதிய தட்டச்சு என்று வரிசைகள் இன்னமும் இருக்கின்றன. அவற்றில் எது அப்பாவின் இயந்திரத்தோடு ஒத்துப்போகிறது என்று அவரையே அடிக்கவிட்டுப் பாருங்கள். விசைப்பலகையைக் கைப்பேசியோடு இணைப்பதானால், அந்தச் செயலி வெளி விசைப்பலகையிலும் தட்டச்சு வரிசையை ஏற்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டுவதானால் தமிழ்99 போதும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற வரிசை அது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளிலும் செல்லினம் செயலியிலும் கிடைக்கும். ஐபோனில் 2013 முதல் உள்ளேயே வருகிறது. உயிர் பன்னிரண்டும் இடக்கை, மெய் பதினெட்டில் பெரும்பாலானவை வலக்கை, எஃப் மேல் புள்ளி. ஆக மொத்தம் 31 விசை, 31 எழுத்து. ஷிஃப்ட் பிடித்து அடிக்கும் கிரந்தத்துக்கு ஒட்டத் தேவையில்லை. ஸ-வும் ஜ-வும் தொடர்ந்து எழுதுகிறவருக்கு அந்த இடம் தானே பழகிவிடும். தட்டச்சு வரிசையில் இந்தச் சலுகை இல்லை. ஒரே விசையில் மேலே ஒன்று, கீழே ஒன்று. அப்பாவுக்கு ஒட்டும் வேலைதான் கூடுதல்.

இனி செய்முறை. வழக்கமான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். ஆனால் விசையின் தட்டையான மேற்பகுதி அதைவிட மிகச் சிறியது, உங்களுடையதுபோல் கையடக்கமானதில் இன்னும் சிறியது. அளவுகோலை வைத்து அளக்க வராது. மெல்லிய தாளை விசை மேல் போர்த்திப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள்; விளிம்பு தானாகக் கோடாக விழும். அந்த அளவில் எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை போகும் எந்த ஒட்டும் நகத்தில் மாட்டிக் கிளம்பும்.

எழுத்தை வடிவமைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஆங்கில எழுத்துக்குப் போதுமான இடம் தமிழுக்குப் போதாது. ஞ, ண, ஐ, ஔ எல்லாம் அகலக்காரர்கள். ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் ண-வின் சுழிகள் மையில் மூடிக்கொண்டால் அது ன-வா ண-வா என்று அப்பா யோசிக்கவேண்டிவரும். எ-க்கும் ஏ-க்கும் வித்தியாசம் அந்தச் சாய்ந்த கால் ஒன்றுதான். ஒ-க்கும் ஓ-க்கும் ஒரு சுழி. தடித்தும் மெலிந்தும் போகும் அழகெழுத்துகளை விட்டுவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே பருமனில் ஓடும் எழுத்துருவாக எடுங்கள். விண்டோஸில் இருக்கும் நிர்மலா நன்றாகவே வரும், ஆனால் அதிகம் தடிக்கவைக்காதீர்கள், சுழி அடைத்துவிடும். எல்லா எழுத்தும் ஒரே புள்ளி அளவில் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ட, ப போன்ற ஒல்லியானவற்றைப் பெரிதாக்குங்கள், ண-வைப் பக்கவாட்டில் இடம் உள்ள மட்டும் விரியவிடுங்கள். அச்சகத்தில் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். விசை மேல் உட்கார்ந்தபின் கண்ணுக்கு ஒரே அளவாகத்தான் தெரியும்.

தட்டச்சு வரிசைக்கு ஒரு சின்னத் தந்திரம். கணினியில் அந்த வரிசையை இயக்கி, ஒவ்வொரு விசையையும் வெறுமனே ஒருமுறை, ஷிஃப்டோடு ஒருமுறை வரிசைப்படி அடித்து வையுங்கள். அதுவே ஒட்டுத் தாளின் நகல் ஆகிவிடும். படத்தைப் பார்த்து எழுதும்போது நேரும் பிழைக்கு இடமில்லை. விசிறியும் கொம்பும் தனியாக வரும்போது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று கூடவே வந்து நிற்கும். முன்னால் உடையா இடைவெளியைப் போட்டால் பெரும்பாலான மென்பொருள்களில் வட்டம் போய்விடும். போகாவிட்டால் விட்டுவிடுங்கள், அது இருந்தாலும் யாருக்கும் குழப்பமில்லை.

அச்சிட இரண்டு வழி எனக்கு நம்பிக்கையானவை. சுலபமானது, படலம் பூசிய நாடாவில் அச்சிடும் லேபிள் கருவி. பிரதர் நிறுவனத்தின் டிஇசட்இ நாடாக்கள் இந்த வகை: எழுத்து இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே அச்சாகிறது, விரல் மேல் படலத்தை மட்டுமே தொடுகிறது. 9, 12 மில்லிமீட்டர் அகலங்களில் வருகின்றன. கணினியோடு இணைக்கும் மாதிரியாக இருந்தால் தமிழ் எழுத்துரு அப்படியே அச்சாகும். தனியே இயங்கும் சின்னக் கருவிகளில் தமிழ் வராது. வாங்கத் தேவையில்லை. அலுவலகத்தில் கோப்புகளுக்கு லேபிள் ஒட்டுகிற யாரிடமாவது இருக்கும், ஒரு மதிய வேளைக்குக் கேளுங்கள்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. போட்டோஸ்டேட் கடையில் லேசர் அச்சுக்கென்று உள்ள ஒளிபுகும் தாளைக் கேளுங்கள். 'லேசர்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மைத்தூளை உருக்கிப் பதிக்கும் உருளையின் சூடு 200 பாகையை ஒட்டிப் போகும்; மை தெளிக்கும் அச்சுக்கான தாளைப் போட்டால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும், கடைக்காரர் உங்களை மறக்கவே மாட்டார். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிடச் சொல்லுங்கள். தாளைத் திருப்பினால் எழுத்து நேராகத் தெரியும், மை அடிப்பக்கம் போய்விடும். அந்த மைப் பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கர் தாளையோ, விசை வெளிர்நிறமானால் தாங்குதாள் இல்லாத மெல்லிய இருபுறப் பசையையோ காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி, பிறகு வெட்டுங்கள். மைக்ரோவேவ் அடுப்பின் பொத்தான் பலகை இப்படித்தான் செய்யப்படுகிறது. பிசுக்குக் கையால் எத்தனை வருஷம் அழுத்தியும் அதில் எண்கள் போவதில்லை. தாளில் மினுமினுப்பு இல்லாத ரகம் கிடைத்தால் அதையே எடுங்கள். வழவழப்பானதில் வியர்த்த விரல் வழுக்கும், விளக்கு வெளிச்சமும் கண்ணில் அடிக்கும்.

வெட்டிய எல்லாத் துண்டுகளின் நான்கு மூலைகளையும் நகவெட்டியால் மழுக்குங்கள். கூர்மையான மூலைதான் முதலில் எழும்பும். வெறும் 31 துண்டென்றாலும் 124 மூலை ஆகிறது, பொறுமை வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஒட்டுமுன் விசைகளைத் துடைப்பதில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். துணியில் நனைத்துத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, அதற்குப் பிறகு விசையின் மேல் விரல் வைக்காமல் இடுக்கியால் துண்டை எடுத்து வையுங்கள். நகப்பூச்சு நீக்கி பக்கமே போகாதீர்கள். அதிலிருக்கும் அசிட்டோன், விசைகள் பலவற்றுக்குப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஸ்டிக்கருக்கு மேல் நிறமில்லா நகப்பூச்சு பூசினால் நிற்குமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கும் இதே பதில். பூச்சில் இருக்கும் கரைப்பான் மைத்தூளையும் கரைக்கும், விசையையும் அரிக்கும். காய்ந்தபின் உரிந்தும் வரும். ஒட்டியபின் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஒரு முழு நாள் யாரையும் அடிக்கவிடாதீர்கள். இந்தப் பசைகள் ஒட்டிய நொடியில் முழுப் பலத்துக்கு வருவதில்லை.

எஃப்-பிலும் ஜே-யிலும் ஒரு சிறு மேடு இருக்கும். பார்க்காமல் அடிப்பவருக்கு அதுதான் திசைகாட்டி, உங்கள் அப்பாவுக்கோ க-வின் மேலேயே இருக்கிறது. அதை மூடி ஒட்டினால் மேடும் மறையும், ஒட்டும் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டுக்கு மட்டும் துண்டின் கீழ் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, மேட்டை வெளியே விடுங்கள்.

விசையின் மேற்பரப்பு குழிந்தோ சொரசொரப்பாகவோ இருந்தால் எந்தத் தாளும் முழுதாகப் படியாது. அப்போது கேடயமும் பெயர்ப்பலகையும் செய்யும் கடையில் லேசர் செதுக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்கலாம். கொம்தார் பக்கம் போனாலும் சரி, டைம்ஸ் ஸ்குவேரைச் சுற்றி விசாரித்தாலும் சரி. கழற்றிய விசைகளைக் கொடுத்தால் நேரே அவற்றின் மேலேயே எழுத்தைப் பதித்துத் தரமுடியும். ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கிலும் எழுத்து வெளுப்பாகத் தெரியாது. கறுப்பில் கறுப்பாகவே போய்விடுவதும் உண்டு. அதிகம் பயன்படாத விசை ஒன்றை முதலில் கொடுத்துச் சோதியுங்கள். வினைல் ஸ்டிக்கர் ஒட்டிய விசையை மட்டும் அந்தக் கருவிக்குள் வைக்கக்கூடாது. வினைல் என்பது பிவிசி; அது எரிந்தால் வரும் புகை அமிலம். கடைக்காரரின் நுரையீரலுக்கும் கருவிக்கும் கேடு.

செலவு பெரிதாக ஆகாது. தாளும் பசையும் சேர்த்துச் சில வெள்ளிகள்தான். மீதியெல்லாம் உங்கள் சனிக்கிழமை.

அச்சிடும்போது ஒரே தாளில் இரண்டு தொகுதி போட்டுக்கொள்ளுங்கள், இரண்டாவதை வெட்டாமல் விசைப்பலகைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். முழுத் தொகுதியும் ஒரேநாளில் போகாது. புள்ளி, க, த, ர, உ இவைதான் ஓயாமல் அடிபடுபவை, இவற்றின் மூலைதான் முதலில் எழும்பும். எழும்பியதை மறுபடி அழுத்தி ஒட்டப் பார்க்காமல், உரித்து, அடியில் மிச்சமிருக்கும் பசையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதை ஒட்டுங்கள். அப்பாவின் பலகையில் எந்த எழுத்து முதலில் கிளம்புகிறது என்பதை எனக்கும் எழுதுங்கள். தட்டச்சு வரிசைக்காரர்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

அன்புடன்,
பினாங்கிலிருந்து